தண்ணீர் லாரியை உள்ளே விடாதீர்கள்

மிக்ஜாம் புயல் 2023 டிசம்பர் 5-ம் தேதி ஆந்திராவில் பாபட்லா அருகே கரையைக் கடந்தது. அதற்கு முந்தைய இரண்டு நாளும் சென்னைக்குப் பக்கத்தில் கடலில் மெல்ல ஊர்ந்தபடி கொட்டித் தீர்த்தது. நகரின் பல இடங்களில் இரண்டு நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை. எங்கள் பக்கம், மேற்குத் தாம்பரத்திலிருந்து முடிச்சூர் போகும் சாலையை ஒட்டிய தெருக்களில், இடுப்பளவு தண்ணீர் நின்றது. 2015-ல் பார்த்ததோடு ஒப்பிட்டால் குறைவுதான் என்று ஆறுதல் சொல்லிக்கொண்டோம். அந்த வருடம் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ.

கட்டட வேலையில் இருப்பவன் என்பதால் நான் வேறொன்றையும் கவனித்தேன். வீட்டு வாசலில் கார் ஏற்றுவதற்காகப் போட்ட கான்கிரீட் ரேம்புகள், கேட்டிலிருந்து போர்டிகோ வரைக்கும் போகும் தளங்கள், வெள்ளம் நின்ற நாட்களில் அநேகமாக உடையவே இல்லை. தண்ணீர் வடிந்து, வெயில் அடித்து, ஜனங்கள் வீட்டைக் கழுவ ஆரம்பித்த பிறகுதான் ஒவ்வொன்றாக உடைந்தன. உடைத்தது பெரும்பாலும் தண்ணீர் லாரி. இல்லையென்றால் கழிவுநீர் லாரி.

யோசித்தால் இதில் ஆச்சரியம் இல்லை. வெள்ளம் வடிந்ததும் எல்லா வீட்டுக்கும் தேவைப்படுவது அந்த இரண்டு லாரிகள்தான். சம்ப்புக்குள், அதாவது தரைக்கடித் தண்ணீர்த் தொட்டிக்குள், சாக்கடைத் தண்ணீர் புகுந்திருக்கும், செப்டிக் டேங்க் நிரம்பியிருக்கும். ஒன்று உறிஞ்ச வரும், இன்னொன்று நிரப்ப வரும். குழாய் எட்டவில்லை என்று டிரைவர் ரிவர்ஸ் எடுத்துக் கேட்டுக்குள் பின்பக்கத்தை நுழைப்பார். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டில் நடந்தது இதேதான். லாரியின் பின் சக்கரம் தளத்தில் ஏறியதும் ஒரு சத்தம், அவ்வளவுதான். சக்கரம் பாதி உள்ளே. லாரியை வெளியே எடுக்க ஜே.சி.பி. வர வேண்டியதாயிற்று.

அவர் என்னைக் கூப்பிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "சிமெண்ட்ல ஏமாத்திட்டானா தம்பி?"

"இல்ல சார். கான்கிரீட் நல்லாத்தான் இருக்கு. கீழ மண்ணு இல்ல."

உடைந்த விளிம்பைப் பார்த்தாலே தெரிந்தது. ஜல்லி ஒழுங்காகப் பரவியிருந்தது, உடைப்பு ஜல்லியைப் பிளந்துகொண்டு போயிருந்தது. நல்ல கான்கிரீட் அப்படித்தான் உடையும். ஆனால் அந்தத் துண்டுக்கு அடியில் முழங்கை ஆழத்துக்கு வெறும் பள்ளம். அதற்குள் கொஞ்சம் தண்ணீர், ஒரு பிளாஸ்டிக் பாட்டில், எங்கிருந்தோ வந்த ஒரு ஒற்றைச் செருப்பு.

அதே தளத்தின் மேல் அதற்கு முந்தைய இரண்டு நாளும் அவருடைய மகன் கார் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார் என்பதுதான் விஷயம். கார் ஏறியபோது ஏன் உடையவில்லை? ஒரு சின்னக் கணக்கு. வீட்டுத் தளங்கள் பொதுவாக 10 செ.மீ. தடிமனில் எம்20 தரத்தில் போடப்படும். அமுக்கினால் எம்20 கான்கிரீட் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்கும். வளைத்தால் அது தாங்குவது, கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456-ன்படி கணக்கிட்டால், 3 நியூட்டனை ஒட்டித்தான். மண் தாங்கிப் பிடித்திருக்கும்வரை தளத்துக்கு அமுக்கம்தான் அதிகம். மண் போன நிமிடத்தில் வேலை முழுக்க வளைவுக்கு மாறிவிடும். விளிம்பில் இரண்டடி அகலத்துக்கு மண் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் காரின் ஒரு சக்கரம் 350 கிலோ சுமக்கும். அதற்கு அந்தத் தளம், விரிசல் இல்லாமல் இருந்தால், இரண்டு மடங்குக்கு மேல் மிச்சம் வைத்தே தாங்கும். 12,000 லிட்டர் லாரியில் தண்ணீர் மட்டுமே 12 டன். வண்டியின் எடையும் சேர்ந்து, பின்னச்சில் பத்து டன்னுக்கு மேல் வரும். ஒரு பக்கத்துக்கு ஐந்து டன். கார் சக்கரத்தைப் போல பதினான்கு மடங்கு. பெட்ரோல் பங்க் முதல் பால் பூத் வரை எல்லோரும் "கார் போச்சே, ஒண்ணும் ஆகலையே" என்று சொல்வது இதனால்தான். கார் போனது எதையும் நிரூபிக்கவில்லை.

மண் எங்கே போனது என்ற கேள்விக்கு வருகிறேன். இதற்குப் பதில் தெரியாமல் பள்ளத்தை நிரப்பினால் அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு மறுபடி அதே இடத்தில் நிற்போம்.

மேலே ஓடும் வெள்ளம் விளிம்பை அரித்துக்கொண்டு போவது நம் எல்லோருக்கும் தெரிந்த வழி. அது கண்ணுக்குத் தெரியும், அதனால் ஆபத்தும் குறைவு. மோசமானது உள்ளுக்குள்ளேயே நடப்பது. சென்னைப் புறநகர் மனைகள் பெரும்பாலும் மேடாக்கப்பட்டவை. ஏரிக்குக் கீழே வயலாக இருந்த நிலத்தில் முதலில் கட்டட இடிபாடு கொட்டுவார்கள், அதன் மேல் சவுடு எனும் நிரப்பு மண், அதன் மேல் ஒரு அடுக்கு எம்-சாண்ட் (கல்லை அரைத்த மணல்), அதன் மேல் தளம். இடிபாட்டுக்குள் செங்கல் துண்டுகளுக்கு நடுவே கை நுழையும் அளவு இடைவெளிகள் இருக்கும். காய்ந்திருக்கும்வரை மேலே உள்ள மணல் அப்படியே நிற்கும். தண்ணீர் ஏறி இறங்கியதும் மணல் அந்த இடைவெளிகளுக்குள் ஓடிவிடும். மண் மனையை விட்டு வெளியே போகவே இல்லை, ஓரடி கீழே இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். தளம் மட்டும் மேலே தனியாக நிற்கும்.

மழைநீர் வடிகால் இன்னொரு வழி. வடிகாலின் கான்கிரீட் சுவரைக் கட்ட இரண்டு பக்கமும் அகலமாகத் தோண்டுவார்கள். சுவர் எழுந்ததும் அந்த இடைவெளியைத் தோண்டிய மண்ணாலேயே நிரப்பிவிட்டுப் போவார்கள். மண் இறுகத் திமிசுக் கட்டை போட்டு அடிப்பதைப் பார்த்தவர்கள் கை தூக்கலாம். எங்கள் தெருவில் வேலை செய்த ஒப்பந்ததாரர் அதில் மண்ணோடு தெர்மாகோலையும் தள்ளியிருந்தார். உங்கள் ரேம்பின் வெளி விளிம்பு சரியாக அந்தத் தளர்ந்த மண்ணின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. வெள்ளத்தின்போது வடிகாலும் தெருவும் ஒரே மட்டத்தில் நிற்கும். மண் முழுக்க ஊறியிருக்கும். பிறகு வடிகாலில் தண்ணீர் மளமளவென்று இறங்கும், மண்ணுக்குள் இருக்கும் தண்ணீர் அவ்வளவு வேகமாக இறங்க முடியாது. அந்த உயர வித்தியாசத்தால் தண்ணீர் மண்ணையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு, வடிகால் சுவரின் இணைப்புகள் வழியாகவும், சுவரில் விட்டிருக்கும் துளைகள் வழியாகவும் வெளியேறும். சேதம் வெள்ளம் ஏறும்போது நடப்பதைவிட வடியும்போது அதிகம் நடப்பது இதனால்தான். தெருவில் தண்ணீர் போன பிறகும் வடிகாலில் ஏதாவது ஒரு துளையிலிருந்து கலங்கலாகத் தண்ணீர் வந்துகொண்டிருந்தால், அது யாருடைய வீட்டு மண் என்று பார்த்துவிடுங்கள். தெளிந்த தண்ணீர் வந்தால் கவலை இல்லை.

களிமண் பகுதிகளில், வேளச்சேரி, பள்ளிக்கரணை மாதிரி இடங்களில், கதை வெள்ளத்துக்கு முன்பே தொடங்கிவிடும். ஏப்ரல் மே வெயிலில் களிமண் சுருங்கி, தளத்துக்கும் மண்ணுக்கும் நடுவே விரல் அளவு இடைவெளி விழுந்திருக்கும். டிசம்பரில் தண்ணீர் ஓட அந்த இடைவெளி ஏற்கெனவே தயாராக இருக்கும். இதோடு மொட்டை மாடி மழைநீர்க் குழாயை ரேம்பின் ஓரத்தில் கொண்டுவந்து விட்டிருப்பவர்கள் தங்கள் மண்ணைத் தாங்களே கழுவி அனுப்புகிறார்கள்.

சரி, வெள்ளம் வடிந்துவிட்டது, முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு என்ன செய்வது? லாரியை உள்ளே விடாதீர்கள். தெருவிலேயே நிறுத்தி நீளக் குழாய் போடச் சொல்லுங்கள். டிரைவர் முணுமுணுப்பார், கூடுதலாகக் கொஞ்சம் கேட்பார். கொடுத்துவிடலாம். அதேபோல், தெருவோரத்திலும் அவர் வடிகாலின் மூடிப் பலகைகள் மேல் சக்கரத்தை ஏற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது சம்ப். இதை நான் பல வீடுகளில் கெஞ்சியிருக்கிறேன். அசுத்தமான தண்ணீரை உடனே முழுக்க இறைத்து, காலி செய்து, ப்ளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிவிட வேண்டும் என்று அவசரப்படுவார்கள். அந்தச் சமயத்தில் நிலத்தடி நீர் தரைமட்டத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். 12,000 லிட்டர் சம்ப்பைக் காலி செய்வது என்றால், அதை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும் 12 டன் எடையை எடுத்துவிடுவது என்று அர்த்தம். கீழிருந்து தண்ணீர் தூக்கும். சம்ப் முழுசாக மிதந்து வெளியே வருவது அபூர்வம், ஆனால் சில அங்குலம் எழும்பினாலே போதும், குழாய்கள் ஒடியும், மேலே இருக்கும் போர்டிகோ தளம் பிளக்கும். பக்கத்தில் கிணறு இருந்தால் எட்டிப் பாருங்கள். கிணற்றில் தண்ணீர் சம்ப்பின் அடிமட்டத்துக்குக் கீழே இறங்கும்வரை பாதிக்கு மேல் இறைக்க வேண்டாம். அதுவரை கேன் தண்ணீரும் சின்டெக்ஸ் டேங்கும் வைத்துச் சமாளிக்க வேண்டியதுதான். செப்டிக் டேங்குக்கும் இதே கணக்கு.

தளத்தின் ஓரத்தில் கடப்பாரை போடுவதற்கு முன் மின்சார வாரியத்தின் புதைவடம் எந்தப் பக்கமாக மீட்டர் பெட்டிக்கு வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். சென்னையில் அது கேட்டுக்குக் கீழேயே வருவது சர்வசாதாரணம். மண் போன இடத்தில் கேபிள் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். மண்ணால் தாங்கப்படாத கேபிளின் பழைய இணைப்பு எந்த நேரமும் விட்டுப்போகலாம். லைன்மேன் வந்து இணைப்பை நிறுத்தும்வரை ஈரத் தரையில் யாரும் கை வைக்கக் கூடாது.

பள்ளத்துக்குள் கையை விடக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? சொல்கிறேன். வெள்ளத்துக்குப் பிறகு பாம்புகளுக்கும் மேடான, இருட்டான, அமைதியான இடம் வேண்டும். அது உங்கள் ரேம்புக்கு அடியில்தான் கிடைக்கிறது. நீர்ச்சாரையாக இருந்தால் சிரித்துக்கொண்டு போகலாம், கண்ணாடிவிரியனாகவும் இருக்கலாம். டார்ச் அடித்து, நீளமான கம்பியால் தட்டிவிட்டு, அப்புறம் வேலை. கம்பூட்டும் கையுறையும் எலிக்காய்ச்சலுக்காக.

பள்ளம் காம்பவுண்டு சுவருக்கு அடியில் போகிறதா என்று பார்ப்பதும் அன்றைக்கே செய்ய வேண்டியது. தளம் உடைந்தால் வண்டி இறங்கும். சுவர் சாய்ந்தால் ஆள் போய்விடும். 2019 டிசம்பர் 2-ம் தேதி மேட்டுப்பாளையம் நடூரில் மழையில் ஊறிய சுவர் விழுந்து 17 பேர் இறந்தார்கள். மிக்ஜாமின்போதும் கிண்டியை அடுத்த ஐந்து பர்லாங் சாலையில் கட்டுமானத்துக்குத் தோண்டிய ஆழமான பள்ளத்தின் கரை சரிந்து இரண்டு தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். ஊறிய மண் எச்சரிக்கை கொடுத்துவிட்டுச் சரிவதில்லை. சுவருக்குக் கீழே பள்ளம் தெரிந்தால் அந்தப் பக்கம் குழந்தைகளை விடாமல், இரண்டு பக்கமும் சவுக்குக் கட்டை முட்டுக் கொடுத்துவிட்டு மற்றதைப் பேசலாம்.

வீட்டுக்குக் காப்பீடு எடுத்திருப்பவர்கள் எதையும் உடைப்பதற்கு முன் படம் எடுத்துவிடுங்கள், அளவு நாடாவைப் பக்கத்தில் வைத்து. 2021-லிருந்து எல்லா நிறுவனங்களும் விற்கும் 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசியில் வீட்டுக் கட்டடம் என்ற சொல்லுக்குள் வண்டி நிறுத்துமிடம், காம்பவுண்டு சுவர், கேட், உட்புறப் பாதை எல்லாம் அடக்கம். நம்மில் பலர் கார் இன்ஷூரன்ஸுக்கு அலைகிறோம், வீட்டுக்கு எடுத்திருக்கிறோமா என்பதே ஞாபகம் இருக்காது. எடுக்காதவர்களுக்கு மிக்ஜாமுக்காக ரேஷன் கடையில் அரசு கொடுத்த 6,000 ரூபாய்தான். அது வீட்டைக் கழுவிவிடவே போதவில்லை.

உடையாத தளத்துக்கு அடியில் பள்ளம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். கடப்பாரையின் மழுங்கிய முனையால், தேங்காயைத் தட்டிப் பார்ப்பது போல, ஓரடிக்கு ஓரடி தட்டிக்கொண்டே வாருங்கள். மண் இருக்கும் இடத்தில் சத்தம் அடங்கி வரும். இல்லாத இடத்தில் 'டம்' என்று பரவும். அந்த எல்லையைச் சாக்பீஸால் வரைந்துகொண்டே போனால் ஒரு தீவு வரைபடம் கிடைக்கும். அதை உறுதிப்படுத்த, நடுவே ஹேமர் டிரில்லால் 12 மி.மீ. துளை ஒன்று போட்டு, நுனியை வளைத்த கட்டுக்கம்பியை உள்ளே விட்டுத் தொட்டுப் பார்த்தால் ஆழம் தெரிந்துவிடும். அப்படித் தட்டும்போது எங்கள் மேஸ்திரி ஒருமுறை என்னைப் பார்த்து, "சார், நீங்க நிக்கிற இடத்துல இருந்து கொஞ்சம் இந்தப் பக்கம் வந்துடுங்க" என்றார். குரலில் பதற்றமே இல்லை. நான் வந்துவிட்டேன்.

விளிம்புக்கு இணையாக ஒரு விரிசல் புதிதாக ஓடுவது, கேட் திடீரென்று தரையில் உரசுவது, தளத்தைக் கழுவினால் தண்ணீர் ஒரு மூலையில் சட்டென்று காணாமல் போவது, இவையெல்லாமும் அதே செய்திதான்.

ஆட்கள் கிடைக்கும்வரை தற்காலிகமாக வழி வேண்டும் என்றால், பள்ளம் திறந்திருக்கும் விளிம்பில் மண் மூட்டைகளை இறுக்கமாக அடுக்கி மேலும் மண் வெளியே வராமல் நிறுத்துங்கள். மூட்டைக்கு முன்னால் தார்ப்பாயைத் தொங்கவிட்டுத் தண்ணீரை முழுசாக அடைக்காதீர்கள்; தண்ணீர் போகட்டும், மண் நிற்கட்டும். பைக்கோ காரோ போய்த்தான் ஆக வேண்டும் என்றால் 10 அல்லது 12 மி.மீ. இரும்புத் தகடு, வடிகால் வேலை நடக்கும் இடங்களில் போடுவார்களே, அது வாடகைக்குக் கிடைக்கும். தகட்டின் இரண்டு முனையும் பள்ளத்தைத் தாண்டி நல்ல மண்ணின் மேல் ஓரடிக்குக் குறையாமல் உட்கார வேண்டும். பள்ளத்தின் மேலேயே தகட்டைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

நிரந்தரமாகச் சரிசெய்யும்போது வரிசை முக்கியம். முதலில் மண் வெளியேறும் வழி, அடுத்துப் பள்ளம், கடைசியில் கான்கிரீட். எங்கள் பக்கத்தில் நடந்த வேலைகளில் பெரும்பாலானவை நேர் எதிராக நடந்தன. உடைந்த இடத்தில் நாலு சட்டி சவுடைக் கொட்டி, தண்ணீர் விட்டு அமுக்கி, மேலே கலவை போட்டு மூடிவிட்டார்கள். தண்ணீர் விட்டால் மணல் இறுகும், உண்மைதான். சவுட்டில் களி கலந்திருக்கும், அது தண்ணீரில் இறுகாது, குழையும். காய்ந்ததும் சுருங்கி மறுபடி இடைவெளி விடும்.

வழியை அடைப்பது என்றால் வடிகால் சுவரின் இணைப்பைத் தோண்டித் திறந்து, துளையின் வாயில் மண்ணைப் பிடித்துத் தண்ணீரை மட்டும் விடும் ஜியோ டெக்ஸ்டைல் துணியை வைத்து, அதன் பின்னால் முக்கால் அங்குல ஜல்லி, அதன் பின்னால் பேபி சிப்ஸ் எனும் பொடி ஜல்லி, அதன் பின்னால் பெருமணல் என்று அடுக்குவது. துணி கிடைக்காவிட்டாலும் இந்த அடுக்கே பாதி வேலையைச் செய்துவிடும். ஒவ்வோர் அடுக்கும் தன் பின்னால் இருப்பதைப் பிடித்துக்கொள்ளும், தண்ணீர் மட்டும் வடியும். துளையைச் சிமெண்ட் பூசி மூடிவிடலாமே என்று ஆசிரியர் கேட்டார். மூடினால் தண்ணீர் சுவருக்குப் பின்னால் தேங்கும். வேறொரு பலவீனமான இடத்தைத் தேடி, பெரும்பாலும் காம்பவுண்டு அஸ்திவாரத்துக்கு அடியில், தன் வழியை எடுத்துக்கொள்ளும். விரிசல் விட்ட இணைப்பைப் பூசலாம், வேண்டுமென்று விட்ட துளையைப் பூசக் கூடாது.

மேலே தளம் உடையாமல், அடியில் மட்டும் பள்ளம் என்றால் உடைக்கவே வேண்டியதில்லை. தளத்தில் மூன்றடிக்கு ஒன்றாக, இரண்டிலிருந்து மூன்று அங்குல அகலத்தில் துளைகள் போட்டு, ஓடும் பதத்தில் கலவையை ஊற்றலாம். பெரிய அளவில் வேண்டுமென்றால் ரெடிமிக்ஸ் நிறுவனங்களிடமே கேட்கலாம். வீட்டளவில் நாங்கள் செய்தது ஒரு பங்கு சிமெண்ட், மூன்று பங்கு ஃப்ளை ஆஷ் (அனல்மின் நிலையச் சாம்பல்), பன்னிரண்டு பங்கு எம்-சாண்ட், தோசை மாவைவிட இளக்கமாகத் தண்ணீர். இந்த நிரப்பலுக்குப் பலம் தேவையில்லை. எதிர்காலத்தில் குழாய் வேலைக்குத் தோண்ட வேண்டி வந்தால் கடப்பாரைக்கு மசிய வேண்டும், ஆனால் தண்ணீரில் கரையக் கூடாது, அது போதும். திறந்த விளிம்பை முதலில் பாலிதீன் விரித்த மூட்டைகளால் அடைத்துவிட்டு, தாழ்வான துளையிலிருந்து ஊற்ற ஆரம்பிக்க வேண்டும். உள்ளே இருக்கும் காற்றும் தண்ணீரும் மேட்டுத் துளைகள் வழியாக வெளியேறும். அடுத்த துளையில் கலவை எட்டிப் பார்த்ததும் இங்கே நிறுத்தி அங்கே ஊற்றலாம். நினைத்ததைவிட அதிகமாகக் குடிக்கும். ஆறடி நீளம், மூன்றடி அகலம், ஓரடி ஆழப் பள்ளம் என்றாலே 18 கன அடி. கணக்கு மீறி இரண்டு மடங்கு உள்ளே போனால் நிறுத்திவிடுங்கள், அது எங்கோ வடிகாலுக்குள் போய்க்கொண்டிருக்கிறது.

பாலியூரித்தேன் நுரையை உள்ளே செலுத்தி இறங்கிய தளத்தையே தூக்கிவிடும் முறையும் இருக்கிறது. தொழிற்சாலைத் தரைகளுக்கு அருமையான வேலை. இரண்டு கார் நிற்கும் வீட்டு வாசலுக்கு அந்தச் செலவில் புதுத் தளமே போட்டுவிடலாம்.

தளம் உடைந்துபோயிருந்தால், கட்டரால் நேர்க்கோட்டில் வெட்டி, உடைந்த பகுதியை முழுசாக எடுத்துவிட வேண்டும். தட்டிப் பார்த்து வரைந்த எல்லைக்கு ஓரடி வெளியே வெட்டுவது நல்லது. ஊறிய குழம்பை எல்லாம் வாரிக் கொட்டிவிட்டு, கிரஷர் டஸ்ட் எனும் கல்தூள் கலந்த ஜல்லியை அரையடி அரையடியாகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் ரேமர் எனும் இடிக்கும் எந்திரம் வைத்து இறுக்க வேண்டும். ஒரே தடவையில் இரண்டடி கொட்டி மேலே மட்டும் ஓட்டினால் மேல் அரையடிதான் இறுகும். ரேமர் கிடைக்காத அந்த வாரத்தில் எங்கள் ஆட்கள் பழைய திமிசுக் கட்டையை எடுத்து வந்தார்கள். மெதுவாக நடந்தது, ஆனால் ஒழுங்காக நடந்தது.

புயலுக்குப் பிறகு வரும் பொருட்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஈர மணல் உப்பியிருக்கும். ஒரு சட்டி ஈர மணலில் இருக்கும் உண்மையான மணல் காய்ந்த சட்டியில் இருப்பதைவிடக் கால் பங்குவரை குறைவாகக்கூட இருக்கலாம். அதோடு அதில் ஏற்கெனவே தண்ணீர் இருக்கிறது. வழக்கமான அளவு மணலும் வழக்கமான அளவு தண்ணீரும் போட்டால் கலவை சோறு வடித்த கஞ்சியாகிவிடும். சட்டியைக் கூம்பாக அள்ளச் சொல்லி, தண்ணீரைக் குறைத்து, பதத்தைப் பார்த்துச் சேர்க்க வேண்டும். சிமெண்ட் மூட்டையை வாங்கும்போது நாலு பக்கமும் அழுத்திப் பாருங்கள். விரலால் நசுக்க முடியாத கட்டி இருந்தால் அது கோடவுனில் நனைந்தது. அந்த டிசம்பரில் சில கடைகளில் மூட்டை வழக்கத்தைவிட மலிவாகக் கிடைத்ததன் ரகசியம் அதுதான் என்பது என் சந்தேகம்.

கார் மட்டும் போகும் தளத்துக்கு 12 செ.மீ., லாரி ஏறும் வாய்ப்பு இருந்தால் 15 செ.மீ. எம்25, நடுவில் 8 மி.மீ. கம்பி வலை 20 செ.மீ. இடைவெளியில். வலை தரையில் படுத்துக் கிடந்தால் பயனில்லை, கவர் பிளாக் வைத்துத் தூக்குங்கள். பத்தடிக்கு ஒரு இடத்தில் தளத்தில் இணைப்புக் கோடு வெட்டி விடுங்கள். ஃப்ளை ஆஷ் கலந்த பி.பி.சி. சிமெண்ட் என்றால் பத்து நாள் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். டிசம்பர் மாதத்தில் அதற்கு வானமும் கொஞ்சம் உதவும். போட்ட அன்று மட்டும் தார்ப்பாய் தயாராக இருக்கட்டும். பத்து நாளில் காரை ஏற்றலாம். லாரிக்கு 28 நாள்.

இவ்வளவும் செய்து முடித்த பிறகும் ஆசிரியர் வீட்டில் ஒரு தகராறு மிச்சம் இருந்தது. அவருடைய பழைய ரேம்ப் வடிகாலைத் தாண்டித் தெருவுக்குள் மூன்றடி நீட்டிக்கொண்டிருந்தது. தெருத் தண்ணீர் வடிகாலுக்குள் விழ வேண்டிய வாய் அதற்கு அடியில் அடைபட்டிருந்தது. தண்ணீர் அங்கே முட்டி, ரேம்பைச் சுற்றிக்கொண்டு போய் விளிம்பைத் தின்றது. அதை வெட்டிக் குறுக்கச் சொன்னேன். அவர் சம்மதிக்கவில்லை.

"ரோட்ட ஒவ்வொரு தடவையும் உசத்திக்கிட்டே போறாங்க தம்பி. நான் வீடு கட்டும்போது ரோட்டவிட வாசல் ரெண்டு படி மேல. இப்ப ரோடு மேல. ரேம்ப நீட்டலைன்னா கார் அடிவயிறு தட்டும். என்ன பண்ணச் சொல்றீங்க?"

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவு போட்டார். அதற்கு முன்பு பல வருடம் அடுக்கின் மேல் அடுக்காகப் போட்டு ஏறிய உயரம் அப்படியேதான் இருக்கிறது. கடைசியில் ஒரு சமரசம். நீட்டிய மூன்றடியில் கான்கிரீட் இல்லை. கழற்றி எடுக்கக்கூடிய இரும்புச் சட்டப் பலகை இரண்டு, சக்கரம் போகும் தடத்தில் மட்டும். வடிகால் வாய் திறந்திருக்கும், மழைக்கு முன் பலகையைத் தூக்கிவிட்டு உள்ளே சேர்ந்த குப்பையை வாரலாம். மொட்டை மாடிக் குழாயையும் ரேம்ப் ஓரத்திலிருந்து எடுத்து நேரே மழைநீர் சேகரிப்புக் கிணற்றுக்குக் கொண்டுபோனோம்.

கலவை ஊற்றிய துளைகளில் ஒன்றை மட்டும் நான் மூடவில்லை. வடிகாலுக்கு மிக அருகே இருப்பது அது. இரண்டு அங்குல பி.வி.சி. குழாய்த் துண்டைச் செருகி, மேலே திருகு மூடி போட்டு, தளத்தோடு சமமாக விட்டோம். செப்டம்பர் கடைசியில் மூடியைத் திறந்து கம்பியை விட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். நிரப்பிய மட்டத்திலேயே கம்பி நின்றால் நல்லது. ஒரு விரல்கூட இறங்கினால், மழை தொடங்குவதற்குள் மேஸ்திரிக்கு போன் போட வேண்டும். அவர் அக்டோபரில் யாருக்கும் கிடைக்க மாட்டார்.